தூசி மெஷினைப் பற்றி வேதவல்லி சொன்னது

1

போன வியாழக்கிழமை எங்கள் கடைக்கு ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அவர் இங்கே சிங்கப்பூரில் தேக்காச் சந்தையில் ஜவுளி வியாபாரம் செய்பவர், நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். முப்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவருக்கு ஓரடி பின்னால் நின்றார். உள்ளே நுழைந்ததிலிருந்து நாலைந்து தடவை இருமிவிட்டார்.

"அண்ணே, நல்ல தூசி மெஷினா ஒண்ணு காட்டுங்க. வீட்டுல கூட்டினாலே இவங்களுக்கு இழுக்குது. கூட்டாம இருக்கவும் முடியலை" என்றார் அவர்.

நான் இந்தக் கடையில் பதினான்கு வருடமாக வேக்குவம் கிளீனர் விற்கிறேன். மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ரேடியோ எல்லாம் எங்கள் கடையில் உண்டு. ஆனால் என் மேசை மட்டும் ஆரம்பத்திலிருந்தே தூசி மெஷின் மேசை. வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது தரையைப் பற்றி. கேட்டேன். சிமெண்டுத் தரை, மேலே பாய் விரித்திருப்பதாகச் சொன்னார். கம்பளம் கிடையாது. மெஷினில் சேரும் தூசியை யார் கொட்டுவார்கள் என்று கேட்டேன். மனைவியைக் காட்டினார்.

எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்லத் தோன்றியது. ஈரத்துணியால் துடைத்தால் போதும், தலையணையையும் மெத்தையையும் வாரம் ஒருநாள் வெயிலில் போடுங்கள், அவற்றைத் தட்டும்போது அம்மாவை வீட்டுக்கு வெளியே அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் முகம் சட்டென்று மாறிவிட்டது. இதை வாங்க வசதியில்லாதவன் என்று தன்னை எடைபோட்டுவிட்டதாக நினைத்துவிட்டார்.

"அப்படி இல்லை பாய். எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு. அதனாலதான் சொல்றேன்."

அந்த அம்மாள் அப்போதுதான் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். இருவரும் ஒன்றும் வாங்காமல் போனார்கள்.

முதலாளி சீனர். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் வெறுங்கையோடு போகிற முதுகைப் பார்த்தால் எந்த மொழியும் தேவையில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். அவர்கள் வீட்டில் சிமெண்டுத் தரை என்றேன். இந்த ஊரில் இனிமேல் எல்லார் வீட்டிலும் சிமெண்டுத் தரைதான், பிறகு நீ யாருக்குத்தான் விற்பாய் என்றார். அவர் கோபப்படவில்லை. நியாயமான கேள்வி.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி வேதவல்லியின் திதி வர இருந்தது. ஆறாவது வருடம். அன்று மாலை வீட்டுக்கு, குவீன்ஸ்டவுன் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது, ஊரிலிருந்து இந்த மெஷினைப் பற்றி விசாரித்து எனக்கு வருகிற கடிதங்கள் நினைவுக்கு வந்தன. யாருக்கும் நான் ஒழுங்காகப் பதில் எழுதியதில்லை. 'இங்கிருந்து அனுப்பினால் உடைந்துபோகும்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவேன். இப்போது முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

மெஷின் என்றதும் ஏதோ பெரிய சூட்சுமம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே ஒரு மோட்டார், அதன் தலையில் ஒரு விசிறி, அவ்வளவுதான். விசிறி முன்பக்கத்தில் காற்றை இழுத்துப் பின்பக்கத்தில் தள்ளுகிறது. நடுவில் ஒரு துணிப்பை. காற்றோடு வருகிற தூசி பையில் தங்கிவிடும், காற்று மட்டும் வெளியே போய்விடும் என்பது ஏற்பாடு.

வகை இரண்டு. ஒன்று நின்றுகொண்டிருக்கும். கைப்பிடியில் தலையணை உறை மாதிரி ஒரு பை தொங்கும், அடியில் உருளும் பிரஷ் இருக்கும். கம்பளத்தைத் தட்டித் தட்டி உறிஞ்சும். கம்பளம் இல்லாத வீட்டில் அது வெறும் சத்தம். இன்னொன்று சின்னப் பீப்பாய் மாதிரி தரையில் படுத்திருக்கும். நீண்ட குழாயைப் பிடித்து நாய்க்குட்டியை இழுத்துப் போவதுபோல் இழுத்துப் போகலாம். பலகைத் தரை, நாற்காலி இடுக்கு, திரைச்சீலை எல்லாவற்றுக்கும் இதுதான் லாயக்கு. மோட்டார் பெரிதா என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய மோட்டாரில் சின்ன விசிறியைப் போட்டு விற்பவர்களும் உண்டு. குழாய் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையைப் பிரிக்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தால் அது நல்ல மெஷின்.

நான் சிங்கப்பூருக்கு வந்து முதல் மூன்று வருடம் துறைமுகக் கிடங்கில் மூட்டை எண்ணிக் குறித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் எழுதத் தெரிந்ததால் இந்தக் கடையில் வேலை கிடைத்தது. அப்போது வாங்குகிறவர்கள் வெள்ளைக்காரர்கள்தான். டாங்ளின் பக்கத்து பங்களாக்களுக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் செய்துகாட்ட வேண்டும். முதல் வீட்டிலேயே ஒரு தவறு செய்தேன். மெஷினின் பெருமையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, 'மேடம், உங்கள் வீடு மிகவும் அழுக்கு' என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் கதவைத் திறந்து வெளியே கையைக் காட்டினாள். எல்லா வீட்டிலும் தூசி உண்டு என்று சொல்ல வேண்டுமாம். கடையில் மூத்த விற்பனையாளர் பிறகு சொல்லிக்கொடுத்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்று வெள்ளைத்துணி வித்தை. குழாய் வாயில் ஒரு வெள்ளைத்துணியைக் கட்டிவிட்டு, பார்வைக்குச் சுத்தமாக இருக்கிற கம்பளத்தின் மேல் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். துணியை எடுத்து விரித்தால் கறுப்பு வட்டம் தெரியும். பார்த்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த நொடியில் ஆர்டர் புத்தகத்தை நீட்ட வேண்டும். பல வருடம் இதைச் செய்திருக்கிறேன். துணியை மெஷினின் வாய்ப்பக்கம் கட்டச் சொன்னவர் பின்பக்கம் கட்டச் சொன்னதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

3

வேதவல்லி வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதுதான் நான் கப்பல் ஏறினேன். மகள் சாரதாவை முதலில் பார்த்தது அவளுக்கு நாலு வயதில், துறைமுகத்தில். அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, 'இந்த மாமா யாரு' என்று கேட்டாள்.

அன்று அவர்கள் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டில் என் மனைவியின் பெயர் வேதவல்லி. நான் வாங்கியனுப்பிய அனுமதிச் சீட்டில் யாரோ ஒரு குமாஸ்தா வேதாவெல்லி என்று தட்டச்சு செய்திருந்தார். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நான் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, காத்திருந்து, இன்னொரு ஜன்னலுக்குப் போய், அங்கேயும் காத்திருந்தேன். பிறகு அடையாள அட்டை எடுத்தபோது அதில் வேதா தனியாகவும் வள்ளி தனியாகவும் வந்தது. அவளுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது.

"நீங்க ஒருத்தியைக் கூப்பிட்டீங்க. நாங்க மூணு பேரு வந்திருக்கோம்" என்றாள்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், கடைவீட்டின் மாடியில் எங்களுக்கு ஓர் அறை. பலகைத் தரை. கீழே மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைக்கிற மில். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் சாயங்காலம் வரை ஓடும். பலகை இடுக்குகள் வழியாக அதன் பொடி மேலே ஏறும். வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் மாலையில் லேசாக மஞ்சள் பூத்திருக்கும். மில்காரர் நல்ல மனிதர். எங்களுக்காகத் தன் கூரைக்கு அடியில் சாக்கு அடித்துக் கட்டிப் பார்த்தார். பொடிக்குச் சாக்கு ஒரு தடையா?

இரண்டாவது வருடத்தில் அவளுக்கு இருமல் வந்தது. மூன்றாவது வருடத்தில் இழுப்பாயிற்று. மழைக்காலத்தில் அதிகம். அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுவதுபோல் இருக்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள்கள் ஏறி இறங்க மூச்சு விடுவாள். வேறு இடம் போவோம் என்று நான் சொல்லாமல் இல்லை. அரசாங்க அடுக்குமாடியில் ஒரு வீடு கேட்டு, குடும்பத்தில் மூன்று பேர் என்று எழுதி மனுப் போட்டேன். வரிசை நீளம். நினைத்த மாதத்தில் வருகிற காரியமா அது?

4

என் தொழிலே தூசி. என் மனைவிக்கு வியாதியும் தூசி. இதைவிடப் பொருத்தம் வேறு என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். பங்களாக்களில் செய்துகாட்டிப் பழசாகிப்போன பீப்பாய் மெஷின் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, டிரைஷா என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சந்தே வேடிக்கை பார்த்தது. சாரதாவுக்கு அப்போது பத்து வயது. அவள் படித்த ஆங்கிலப் பள்ளியில் வேறு எந்த மாணவி வீட்டிலும் அப்படியொரு மெஷின் கிடையாதாம். இரண்டு சீனப் பெண்களைக் கூட்டிவந்து காட்டினாள்.

வேதவல்லிக்கு நான் பாடம் நடத்தினேன். மேடம்களுக்குச் சொல்வதையே தமிழில் சொன்னேன். முதலில் கட்டிலுக்கு அடியில், பிறகு மூலைகள், பிறகு நடுவில். முடிந்ததும் பையைக் கழற்றி நன்றாக உதறிவிட்டு மாட்ட வேண்டும். பங்களாக்களில் அதை வேலைக்காரி தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் செய்வாள். எங்களுக்குத் தோட்டம் ஏது? வேதவல்லி அடுப்படி ஜன்னல் ஓரம் நின்று உதறுவாள். அடுத்த அறைக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று குறைப்பட்டதால் மெஷின் ஓடும்போது கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொள்ளச் சொல்லியிருந்தேன்.

முதல் வாரத்திலேயே ஒருநாள் அவள் சொன்னாள்.

"என்னங்க, இந்த மெஷின் போட்டா மிளகாய் நெடி வருதுங்க."

கீழே மில் ஓடுகிறது, நெடி வராமல் என்ன வரும் என்றேன். மில் மூடியிருந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்ததே என்றாள். அது உன் பிரமை என்றேன். இன்னொரு நாள், துடைப்பத்தால் கூட்டினால் தூசி முழங்கால் வரைதான் எழுகிறது, இது தலைக்கு மேலே எழுப்புகிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நாலாம் வகுப்போடு நின்றவள், எத்தனையோ வீட்டுக்குச் செய்துகாட்டிவிட்டு வந்தவனிடம் மெஷினைப் பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஒருமுறை நான் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். மெஷின் மூலையில் துண்டு போர்த்தி இருந்தது. அவள் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று கத்திவிட்டேன்.

"எனக்குத் தெரியாதா வேதா? ஊருக்கெல்லாம் விக்கிறவன் நான். என் வீட்டுல நீ கந்தையை வச்சித் துடைச்சிக்கிட்டிருக்கே."

அவள் எழுந்தாள். துணியைப் பிழிந்து காயப்போட்டாள்.

இழுப்பு கூடியபோது அரசாங்க மருந்தகத்துக்குப் போகச் சொன்னேன். மருந்தகம் சனிக்கிழமை காலையில் உண்டு. எனக்கோ சனிக்கிழமைதான் பங்களா வேலை அதிகம். சாரதாவுக்குப் பள்ளி இல்லாததால் அம்மாவோடு அவள் போனாள். டாக்டர் சீனர், ஆங்கிலத்தில் பேசுபவர். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மகள்தான் நடுவில் நின்றாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: தூசிதான் காரணமாம், அறையை வாரம் இரண்டு தடவை சுத்தம் செய்தால் போதாதாம், தினமும் செய்ய வேண்டுமாம். சீட்டிலும் டாக்டர் அப்படியே எழுதியிருந்தார். நான் அதை வேதவல்லியிடம் படித்துக் காட்டி, 'பார்த்தாயா' என்றேன்.

அதற்குப் பிறகு அவள் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் காலையில் கதவைச் சாத்தி ஓட்டினாள். தினமும் பையை உதறினாள்.

5

ஏழு மாதம் கழித்து, டிசம்பர் மழையில் அவள் போய்விட்டாள். காலை பத்து மணி சுமாருக்கு இழுப்பு வந்திருக்கிறது. மெஷின் சத்தம் நின்ற பிறகு மேலே ஏதோ விழுந்த சத்தம் கேட்டு மில்காரர் ஏறிப் பார்த்திருக்கிறார். தன் வேனில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். நான் அப்போது ஒரு பங்களாவில் வெள்ளைத்துணியை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். செய்தி அங்கே வந்து சேர்ந்து, நான் பஸ் பிடித்துப் போனபோது இரண்டு மணி. ஊசிமேல் ஊசி போட்டார்களாம். நான் பார்த்தபோது தோள்கள் ஏறி இறங்கவில்லை. அவ்வளவு நாளுக்குப் பிறகு அவள் தோள்கள் சும்மா இருந்ததைப் பார்த்து, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சுகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

மரணத்தைப் பதிவு செய்யப் போனேன். குமாஸ்தா பாஸ்போர்ட்டையும் அனுமதிச் சீட்டையும் அடையாள அட்டையையும் மேசையில் வரிசையாக வைத்தார். இதில் இறந்துபோனது யார் என்று கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டார். மூன்று பேரும்தான் என்று சொல்ல வாய் வந்தது. மூவரும் ஒருவரே என்று மறுபடியும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் குவீன்ஸ்டவுன் வீடு வந்தபோதும் ஒரு கையெழுத்து. மூன்று பேர் என்று இருந்த மனுவில் ஒரு பெயரை நானே கோடு போட்டு அடிக்க வேண்டியிருந்தது.

மெஷினைப் பற்றி அதுவரைகூட எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மில்லைத்தான் சபித்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன மறுவருடம் புது மாடல் வந்தது. அதை அறிமுகப்படுத்த வெளிநாட்டிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். எங்களைப்போல் விற்பவர்கள் பதினைந்து பேரை ஒரு மாடி அறையில் உட்காரவைத்தார். பழைய துணிப்பை மெஷினையும், துணிப்பைக்குள் காகிதப்பை போட்ட புது மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தரையில் கொஞ்சம் மாவைத் தூவினார். பிறகு ஒரு கறுப்புத்துணியை எடுத்து, பழைய மெஷினின் வாயில் கட்டாமல், காற்று வெளியே போகிற பின்பக்கத்தில் கட்டினார். மெஷினை ஓட்டி நிறுத்தித் துணியை விரித்தார். அதன் நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம். கண்ணுக்குத் தெரிகிற குப்பையைத் துணிப்பை பிடித்துக்கொள்கிறது, நெஞ்சுக்குள் போகிற மெல்லிய பொடியைப் பிடிப்பதில்லை, அதை அறை முழுக்கத் தெளித்துவிடுகிறது என்று விளக்கினார். புது மாடலை விற்க இது நல்ல உத்தி என்று எல்லாரும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன். மிளகாய் நெடி வருதுங்க என்று அவள் சொன்னதுதான் காதில் இருந்தது. கதவைச் சாத்தச் சொன்னவன் நான். பையை உதறச் சொன்னவன் நான்.

அவள் எப்படியும் பிழைத்திருக்க மாட்டாள் என்று பிறகு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார், மில் மேலே அத்தனை வருடம் இருந்ததே போதும் என்று. இருக்கலாம். அவர் எனக்கு ஆறுதல் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகையால் ஊரில் இருந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாங்குவதாக இருந்தால் காகிதப்பை உள்ளதாக வாங்குங்கள். ஓடும்போது பின்பக்கம் ஈரக் கைக்குட்டையைப் பிடித்துப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் இழுப்புக்காரர் இருந்தால் பையை அவர் தொடக் கூடாது, அது ஓடும்போது அந்த அறையிலும் இருக்கக் கூடாது. தரை சிமெண்டாக இருந்தால் இது எதுவுமே வேண்டாம்.

6

சாரதாவுக்கு இப்போது பதினேழு வயது. அம்மா போனதிலிருந்து வீட்டில் அவள் தமிழ் பேசுவது குறைந்துகொண்டே வந்து, இரண்டு மூன்று வருடமாக நின்றே போய்விட்டது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எனக்குத் தெரிந்த எல்லாத் தகப்பன்மாருக்கும் இதே குறைதான். பள்ளிக்கூடத்தைத் திட்டுவோம், ரேடியோவைத் திட்டுவோம், இந்த ஊர் பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுகிறது என்போம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேற்று முன்தினம் திதி முடிந்தது. காலையிலேயே விளக்கேற்றி, இலை போட்டு, வேதவல்லிக்குப் பிடித்த பூசணிக்காய்க் கூட்டும் வடையும் வைத்துக் கும்பிட்டோம். ஒன்பது மணிக்கு நானும் மகளும் சாப்பிட உட்கார்ந்தோம். பேச்சு வேண்டுமே என்று, கடைக்கு வந்த அந்தத் தம்பதியைப் பற்றிச் சொன்னேன். அவர்களை வாங்கவிடாமல் திருப்பி அனுப்பியதையும், அதற்குக் காரணமான கறுப்புத்துணி விஷயத்தையும் அன்றுதான் அவளிடம் முதல்முறையாகச் சொன்னேன். அதுவரை அவளுக்கு நான் சொன்னதில்லை. சின்னப் பெண், எதற்கு என்று விட்டிருந்தேன்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கையை இலையிலிருந்து எடுக்காமலே இருந்தாள். பிறகு பேசினாள். தமிழில் பேசினாள். பாதி வார்த்தைகள் தடுக்கின.

"கிளினிக்ல டாக்டர் கேட்டாருப்பா, என்ன பண்ணா மூச்சு மோசமாவுதுன்னு. அம்மா மெஷின்னுதான் சொன்னாங்க. அந்த மெஷின் போட்டா மூச்சு அடைக்குதுன்னு சொல்லும்மான்னாங்க. நான் டஸ்ட்னு சொல்லிட்டேன்."

ஏன் என்றும் அவளே சொன்னாள். மெஷின் என்று சொன்னால் அது எங்கள் அப்பா விற்கிற மெஷின் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டியிருக்கும், அப்பாவைத் தப்பாக நினைப்பார் என்று அந்தப் பத்து வயதில் பயந்திருக்கிறாள். பள்ளித் தோழிகளிடம் அவ்வளவு பெருமை பேசிய மெஷின் வேறு. தூசி என்றாலும் பொய் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாளாம். டாக்டர் தினமும் சுத்தம் செய்யச் சொன்னார். அவள் அதை அம்மாவுக்குச் சொன்னாள். மெஷினைப் பற்றிச் சொன்னாயா என்று அம்மா கேட்டிருக்கிறாள். சொல்லிவிட்டேன், பரவாயில்லை என்றார் என்று இவள் சொல்லியிருக்கிறாள்.

"தமிழ்ல பேச வாயைத் திறந்தா அந்த ரூம்தான்ப்பா ஞாபகம் வருது. அம்மா என் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க. நான் கரெக்டா சொல்றேன்னு நெனச்சிக்கிட்டு."

ஆறு வருடம் இதைத் தனியாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் இடது கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது. நடந்ததைத்தான் சொல்ல முடிந்தது.

"உங்கம்மா என்கிட்டயும் சொன்னாம்மா. ஒரு தடவை இல்லை, நாலு தடவை சொன்னா. தமிழ்லதான் சொன்னா. எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கலை. அன்னிக்கு அந்த டாக்டரே மெஷின் வேணாம்னு எழுதிக் கொடுத்திருந்தாக்கூட, அவருக்கு என்ன தெரியும்னு சொல்லியிருப்பேன். நீ சொன்னதால ஒண்ணும் ஆவலை."

இது அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று நீங்கள் நினைக்கக்கூடும். அப்படி இல்லை. அந்த நாளின் என்னை எனக்கு நன்றாகத் தெரியும்.

அவள் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, அம்மா வேறு என்னவெல்லாம் சொல்வாள், சொல்லுங்கள் என்று கேட்டாள். தனக்குக் குரல்கூட மறந்துகொண்டு வருகிறது என்றாள்.

நான் யோசித்தேன். ஏழு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்தவள். தினமும் பேசியவள். காய் வாங்கிவந்ததை, கோயிலில் பார்த்தவர்களை, பிள்ளை செய்ததை, கனவில் வந்ததை, என்னென்னவோ சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நானும் ம், ம் என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன், பேப்பர் பார்த்திருக்கிறேன். அவள் சொன்ன சொல்லாகவே எனக்கு நினைவிருந்தவை பத்துப் பன்னிரண்டுதான். அடையாள அட்டையைப் பார்த்து, மூணு பேர் வந்திருக்கோம் என்று சிரித்ததைச் சொன்னேன். சாரதா பிறந்தபோது எனக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளை உங்க காதை வாங்கிக்கிட்டு வந்திருக்கு என்று எழுதியிருந்ததைச் சொன்னேன். சீனர்கள் கடையில் கத்தரிக்காய் நீளமாக இருப்பதைப் பார்த்து, இதை எப்படிங்க சட்டியில படுக்க வைக்கிறது என்று கேட்டதைச் சொன்னேன். மகள் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஏழு வருடப் பேச்சில் எனக்கு நினைவிருந்ததெல்லாம் சொல்லி முடித்தபோது மணி பத்துகூட ஆகியிருக்கவில்லை.